ஹெட்லைட்டைத் தேடி வந்தவர்கள்

தொண்ணூறுகளின் நடுவில், ஈஸ்டர் முடிந்த வாரத்தில் நடந்தது இது. அப்போது நாங்கள் சாந்தோமில் ஒரு ஃப்ளாட்டில் மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். நான் பள்ளிக்கூட டீச்சர். என் கணவர் அந்த வருடம்தான் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியிருந்தார். எனக்கு ஒரு சக்களத்தி வந்து சேர்ந்த மாதிரிதான். ஊரே குடத்தை வைத்துக்கொண்டு தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும். இவர் கிணற்றுத் தண்ணீரை மோட்டார் போட்டு இறைத்து, ஓஸ் பைப்பில் பீய்ச்சியடித்து அவளைக் குளிப்பாட்டுவார்.

குளிப்பாட்டியது அதிகமாகிவிட்டது. இடது பக்க ஹெட்லைட்டின் ரப்பர் எங்கேயோ விட்டுப்போய், கண்ணாடிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. கீழ்வீட்டுக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, “இன்னா சார், உள்ள மீன் வளக்கிறீங்களா?” என்று கேட்டார். இவருக்கு முகம் சுண்டிப்போனது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மெக்கானிக் தண்ணீரை வடித்துக் கொடுத்தார். ஆனால் உள்ளே படிந்த ஆவி போகவில்லை. கண்ணாடி பால் ஊற்றிய மாதிரி வெளுத்திருந்தது. லைட்டைப் போட்டு ஒரு மணி நேரம் எரியவிட்டால் பல்பின் சூட்டிலேயே காய்ந்துவிடும் என்றார். மறுநாள் என் தங்கை மகளுக்குப் பாண்டிச்சேரியில் கல்யாணம். விடியுமுன்பே கிளம்ப வேண்டும். ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு அந்த இருட்டில் எப்படிப் போவது?

சாயங்காலம் வீட்டுக்குக் கீழேயே லைட்டைப் போட்டுப் பார்த்தார். அது நேராகக் கீழ்வீட்டு ஹாலுக்குள் விழுந்தது. டிவியில் ஒன்றுமே தெரியவில்லை என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “யாருக்கும் தொந்தரவில்லாத இடமாப் போய்ப் போட்டுக்கறேன்” என்று வீம்பாக வண்டியை எடுத்தார். ராத்திரிக் குழம்புக்கு மீன் வாங்கலாமே என்று நானும் ஏறிக்கொண்டேன்.

பட்டினப்பாக்கத்தில் தார் ரோடு முடிந்து மணல் தொடங்கும் இடத்தில், கடலைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். அப்போதுதான் இருட்டியிருந்தது. இன்ஜினை ஓடவிட்டு லைட்டைப் போட்டார். வலது பக்கம் பளீரென்று மணலில் நீண்டது. இடது பக்கம் சோகையாக, வண்டியின் மூக்கைத் தாண்டவில்லை. எங்களுக்குப் பின்னால் வரிசையாக மீன்கடைகள். எல்லோரும் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்துகொண்டிருந்தார்கள். எனக்கு வாடிக்கையாக மீன் தரும் அம்மாவின் கடைதான் முதல் கடை.

“இன்னா டீச்சரம்மா, உங்க வூட்டுக்காரு கடலுக்கே லைட்டு அடிச்சிக்கினு கீறாரு?” என்றார் அவர்.

“கண்ணுல தண்ணி கோத்துக்கிச்சு. காய வைக்கிறாரு” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சங்கரா மீனைச் செதில் எடுக்கத் தொடங்கினார்.

மீனை வாங்கிக்கொண்டு வண்டிக்குத் திரும்பினேன். இடது கண்ணாடியில் மேல்பக்கமாகக் கொஞ்சம் ஆவி விலகியிருந்தது. “பாத்தியா, காயுது” என்று குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். அப்போதுதான் வெளிச்சத்துக்குள் ஏதோ அசைவதைப் பார்த்தேன். நண்டு என்று நினைத்தேன். ஆனால் நண்டு வெளிச்சத்தைக் கண்டால் வளைக்குள் ஓடும். இவை எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தன. துடுப்புப் போடுகிற மாதிரி முன்கைகளை வீசி வீசி, மணலில் விழுந்து எழுந்து வந்தன. ஒவ்வொன்றும் என் உள்ளங்கையில் பாதிதான் இருக்கும்.

ஆமைக் குஞ்சுகள். ஒன்றிரண்டு இல்லை. கண்ணுக்கெட்டிய வரை வெளிச்சம் முழுக்க அவைதான். எல்லாம் அந்த வலது பக்கப் பளீர் வெளிச்சத்திலேயே ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவரும் அசையாமல் நின்றார். கடல் அவற்றுக்குப் பின்னால் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏன் இந்தப் பக்கம் வருகின்றன என்று எனக்கு முதலில் புரியவில்லை. அதற்குள் இடது கண்ணாடியில் ஆவி இன்னும் கொஞ்சம் இறங்கி, அந்தப் பக்கமும் ஒரு வெளிச்சம் மணலில் விழ ஆரம்பித்தது. வந்துகொண்டிருந்த கூட்டத்தில் சில குஞ்சுகள் நின்றன. தலையைத் திருப்பின. பிறகு இடது விளக்கை நோக்கி நடக்கத் தொடங்கின. அப்போதுதான் புரிந்தது. அவை வந்தது எங்களிடம் இல்லை, எங்கள் ஹெட்லைட்டிடம்.

“ஏங்க, லைட்டை அணைங்க. லைட்டைப் பாத்துதான் வருது.”

அவர் பாய்ந்து போய் அணைத்தார். அணைத்த கையோடு, வண்டியையும் வழியிலிருந்து எடுத்துவிடலாம் என்று ரிவர்ஸ் கியரைப் போட்டார். நல்ல எண்ணத்தில்தான் போட்டார். என்னவோ ஏதோ என்று விளக்கோடு ஓடிவந்த மீன்கார அம்மா, பானெட்டில் ஓங்கி ஓர் அடி அடித்தார்.

“எடுக்காத சார். சக்கரத்தாண்ட கீது.”

அவர் விளக்கைத் தாழ்த்திக் காட்டியபோது என் உயிரே போய்விட்டது. முன்சக்கரத்தை ஒட்டி, சக்கரத்துக்குப் பின்னால், வண்டிக்கு அடியில் எல்லாம் குஞ்சுகள். இன்னும் ஒரு சாண் வண்டி நகர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் என்னால் முழுசாக நினைத்துப் பார்க்க முடியவில்லை.

“பங்குனி ஆம. பங்குனியில பொரிக்கும். நான் இங்கியே பொறந்து வளந்தவ, இத்தினி ஒண்ணா பாத்ததே இல்ல” என்றார் அந்த அம்மா. அதற்குள் கடைகளுக்கடியில் படுத்திருந்த நாய்கள் எழுந்து வந்துவிட்டன. அவற்றை விரட்ட ஒரு பக்கம் அந்த அம்மா ஓடினார், மறு பக்கம் நான். டீச்சர் என்பதெல்லாம் மறந்துபோய், கையிலிருந்த சங்கரா மீனைத் தூர எறிந்து நாய்களைத் திருப்பினேன். என் கணவர் கல்யாணத்துக்காக முடி வெட்டி, சலவைச் சட்டை போட்டிருந்தவர், மணலில் குப்புறப் படுத்து வண்டிக்கடியில் நுழைந்தார். கையால் தடவித் தடவி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். மீன்கார அம்மாவின் அலுமினியத் தட்டில் அவற்றை வாங்கி, அலை தொடும் ஈர மணலில் கொண்டுபோய் விட்டேன்.

விட்டால் அவை மறுபடி திரும்பின. இப்போது மீன்கடை விளக்குகளைப் பார்த்து. எனக்கு அழுகையே வந்துவிட்டது. எத்தனை தடவை சுமப்பது?

அந்த அம்மா கடை வரிசையைப் பார்த்துக் கத்தினார். “எல்லாரும் வெளக்க அமத்துங்கடி. சின்ன உசுருங்க வழி தெரியாம நிக்குது.”

வியாபாரம் சூடுபிடிக்கிற நேரம். யாராவது முணுமுணுப்பார்கள் என்று நினைத்தேன். முதல் விளக்கு அணைந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. கடைசிக் கடையில் மட்டும் ஒரு வாடிக்கையாளர் காசு தேடிக்கொண்டிருந்தார். அவரும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, தானே குனிந்து விளக்கின் திரியை இறக்கி அணைத்தார். ரோட்டு விளக்கு பல நாளாக எரியவில்லை. அதற்காக முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டேன்.

கண் இருட்டுக்குப் பழகியதும்தான் பார்த்தேன். கடல் வெளிச்சமாக இருந்தது. நிலா கிடையாது. ஆனாலும் அலை உடைகிற கோடும் அதற்கு அப்பால் உள்ள தண்ணீரும் மெல்லிய வெள்ளையாகத் தெரிந்தன. நாற்பது வருடம் இந்தக் கடலுக்குப் பக்கத்திலேயே வாழ்ந்திருக்கிறேன். அதற்கென்று ஒரு வெளிச்சம் இருப்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.

குஞ்சுகளுக்குத் தெரிந்திருந்தது. கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தன. பிறகு ஒன்று திரும்பியது. அதைப் பார்த்தோ, தானாகவோ, எல்லாம் திரும்பின. யாரும் தொடவில்லை, யாரும் வழி காட்டவில்லை. ஓர் அலை வந்து அவற்றைப் புரட்டிப் பின்னால் போட்டது. எழுந்து மறுபடி போயின. அடுத்த அலை வடிந்தபோது ஈர மணல் காலியாக இருந்தது. நான் சிலுவைக்குறி போட்டுக்கொண்டேன். மீன்கார அம்மா கடலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“போச்சு டீச்சரம்மா. பொழச்சிக்கும்” என்றார்.

வண்டிக்கடியில் மறுபடி மறுபடி பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம். மீன்கடை வரிசையைத் தாண்டும்வரை என் கணவர் லைட்டைப் போடவே இல்லை. கண்ணாடியில் ஆவி பாதிதான் காய்ந்திருந்தது; மறுநாள் அந்தப் பாதி வெளிச்சத்திலேயே பாண்டிச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தோம். அதற்குப் பிறகு அவர் அந்த லைட்டைக் காயவைக்கவே இல்லை. கீழ்வீட்டுக்காரர் மீனைப் பற்றிக் கேட்டால் சிரித்துக்கொள்வார்.

யாருக்கும் தொந்தரவில்லாத இடம் என்று தேடித்தான் அன்றைக்கு அங்கே போனோம். இப்போதும் வாசல் விளக்கின் ஸ்விட்சில் கை வைக்கும்போதெல்லாம், அந்த இருட்டை நம்பி யார் வழி தேடிக்கொண்டிருக்கிறார்களோ என்று என் கை ஒரு கணம் தயங்கி நிற்கிறது.