அனுமதி இல்லாமல் ஹனோவருக்கு, ஒரு பியானோ கேட்க

போன சனிக்கிழமை நானும் பக்கத்து அறை வசந்தி அக்காவும் ஹனோவருக்குப் போய் வந்தோம். எங்கள் அகதி விடுதியில் இருந்து போக நினைக்கும் மற்றப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அப்பா நித்திரையான பிறகுதான் எழுத முடிகிறது. நாங்கள் போனது அவருக்குத் தெரியாது.

பள்ளிக்கூடச் சங்கீத ரீச்சர் இரண்டு நுழைவுச்சீட்டுத் தந்தார். அர்ஜென்டினாப் பெண் ஒருவர் தானே இசையமைத்து வாசிக்கிறார், தன் நாட்டுக் கிராமத்து ஆட்டப்பாட்டுகளையும் டேங்கோவையும் ஜாஸோடு சேர்க்கிறார் என்றார். மாவட்ட எல்லை தாண்ட எங்களுக்கு அனுமதிக் கடிதம் வேண்டும் என்பது ரீச்சருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின், அதாவது சந்திக்க ஒரு நேரம், கிடைக்க இரண்டு கிழமை செல்லும். கச்சேரிக்கோ நாலு நாள்தான் இருந்தது.

ரயில் 3.12க்கு. 41 கிலோமீட்டர், ஐம்பது நிமிடம், போக வர ஒருவருக்குப் பதினொரு ஜெர்மன் மார்க். மூன்றாவது ஸ்டேஷன் தாண்டியதும் பரிசோதகர் வந்தார். சீருடையைக் கண்டதும் என் கை தானாகவே அடையாளத் தாளை நீட்டிவிட்டது. எந்த மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று அதில்தான் அச்சடித்திருக்கிறது. அவர் முழுவதையும் வாசித்தார்.

"எனக்கு டிக்கெட் போதும்," என்றார். அதைப் பார்த்துவிட்டு, தன் சின்னப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டு போனார்.

"டிக்கெட்தானே கேட்டவர், ஏனடி அதைக் குடுத்தனீ?" என்றார் அக்கா.

"பழக்கம், அக்கா."

"நல்ல பழக்கம். மண்டப வாசலிலை தடுப்பூசி அட்டையையும் நீட்டு."

"அவர் என்ன எழுதினவர்?"

"எனக்கென்ன தெரியும்? பேசாமல் இரு."

ஹனோவர் ஸ்டேஷன் முன்வாசலில் போலீஸ் நின்றது. பின்வாசலால் போனோம், பன்னிரண்டு நிமிட நடை. மண்டபத்தில் அந்த அர்ஜென்டினாப் பெண்ணின் இடது கை பியானோவில் டேங்கோ வாசித்தபோது யாரோ படியேறி வருவதுபோல் இருந்தது. கதவு திறந்த போதெல்லாம் திரும்பிப் பார்த்தேன். பிறகு ஒரு கிராமத்துப் பாட்டு. தாளத்தின் ஆறு தட்டை ஒரு கை இரண்டாகப் பிரித்தது, மற்றக் கை மூன்றாகப் பிரித்தது. எண்ணத் தொடங்கினேன். அந்தப் பாட்டு முடியும் வரை கதவு நினைவில் இல்லை.

முடிவில் அவரிடம் நிகழ்ச்சித்தாளில் கையெழுத்துக் கேட்டேன்.

"யாருக்கு என்று எழுத?"

"பெயர் வேண்டாம்."

"ஊர், தேதி?"

"அதுவும் வேண்டாம்."

"எங்கள் நாட்டிலும் பெயர் சொல்லப் பயந்த காலம் ஒன்று இருந்தது," என்று சொல்லித் தன் பெயரை மட்டும் எழுதித் தந்தார்.

ஆறு நாளாகிறது. அலுவலகத்தில் இருந்து கடிதம் ஒன்றும் வரவில்லை. தபால் பதினொரு மணிக்கு வரும், அப்பாதான் வாங்குவார். அடுத்த மாதம் அவருடைய அகதி விண்ணப்ப விசாரணை. அங்கே நான் செய்ததைப் பற்றிக் கேட்டால் அவருக்கு ஒன்றும் விளங்காது.

போகிறவர்கள் அனுமதி எடுத்துக்கொண்டு போங்கோ. டிக்கெட்டைக் கையில் வைத்திருங்கோ, தாளைப் பைக்குள் வையுங்கோ. கேட்டதை மட்டும் காட்டுங்கோ. வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கோ. நான் நாளைக்கு, தபால் வருமுன், அப்பாவுக்குச் சொல்லப்போகிறேன்.