மெர்வ் பிடிக்காத மாதிரி பார்த்த பையன்

வெல்பர்ன் அரங்கத்தில் பனித்தளத்தைப் பார்த்த மாதிரி கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரே கடை என்னுடையது. அந்த ஜன்னல் வழியாகப் பதினேழு குளிர்காலம் ஹாக்கி பார்த்திருக்கிறேன். உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டே பார்த்ததால் எனக்கு ஆட்டம் தெரியாது என்று ஊர் ஆண்கள் முடிவு கட்டிவிட்டார்கள். அவர்களுக்கு மட்டும் எல்லாம் தெரியும். எட்டு வயதுப் பொடியன் விழாமல் நாலடி சறுக்கினாலே, இவன் பெரிய லீக்குக்குப் போவான் என்று சத்தியம் செய்வார்கள். அப்படிச் சொல்லப்பட்டவர்களில் பாதிப் பேர் இன்று கோதுமைக் கிடங்கில் வேலை செய்கிறார்கள். மீதிப் பேர் என் கடை முன்னால் நின்று அடுத்த பொடியனுக்குச் சத்தியம் செய்கிறார்கள்.

மெர்வ் ஒலெக்சின் மட்டும் யாருக்கும் சத்தியம் செய்ய மாட்டார். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். காலையிலும் மாலையிலும் பள்ளிப் பேருந்து ஓட்டுவார்; மற்ற நேரமெல்லாம் பெரிய லீக் அணி ஒன்றுக்கு ஸ்கவுட். அதாவது இந்தச் சமவெளியில் எங்கெல்லாம் பையன்கள் ஆடுகிறார்களோ அங்கெல்லாம் போய் உட்கார்ந்து, எவன் தேறுவான், எவன் தேறமாட்டான் என்று எழுதி அனுப்புகிற ஆள். ஜூன் மாதம் டிராஃப்ட் நடக்கும். அணிகள் வரிசையாக ஆளுக்கு ஒரு பையனாகப் பொறுக்கிக்கொள்ளும், ஏழு சுற்று. மெர்வும் நானும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தவர்கள். நேரில் எங்களுக்குள் மரியாதை கிடையாது, எழுதும்போது கொடுத்துவிடுகிறேன்.

இருபத்திரண்டு வருடம் அவர் அந்த வேலை பார்த்தார். அந்த இருபத்திரண்டு வருடத்தில் அவர் சொன்ன ஒரு பையனைக்கூட அவருடைய அணி எடுத்ததில்லை. வேண்டாம் என்று அவர் சொன்னவர்களை எடுக்காமல் விட்டார்கள், அவ்வளவுதான். அதில் அவருக்குப் பெரிய பேர். வேண்டாம் என்று மெர்வ் சொன்னால் வேண்டாம்தான் என்பார்கள். வேண்டும் என்று சொன்னால் மட்டும் யாருக்கும் காது கேட்காது.

ஸ்கவுட்டுகள் உட்காரும் இடத்தை நீங்கள் பார்க்க வேண்டும். வடகிழக்கு மூலையில், மேல் வரிசையில், ஏழெட்டுப் பேர் கருப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, பெண் பார்க்க வந்துவிட்டுப் பஜ்ஜியைப் பற்றி மட்டும் பேசுகிற சம்பந்தி வீட்டார் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். பிடித்திருக்கிறதா இல்லையா என்று முகத்தில் தெரியக்கூடாது. தெரிந்தால் பக்கத்து அணிக்காரன் மோப்பம் பிடித்து முந்திக்கொள்வான். அதனால் நல்லவன் ஒருவன் வட்டை, அதாவது பனி ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வில்லையை, மட்டையால் கொண்டுபோகும்போது எல்லோரும் மூக்கைச் சிந்துவார்கள், கையுறையைத் தேடுவார்கள். உதவாத ஒருவன் வந்தால் குனிந்து மும்முரமாக எழுதுவார்கள். இரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன், தன்னைப் பற்றி ஏழு பேர் எழுதியதைப் பார்த்துவிட்டு, டிராஃப்டுக்காகப் புது சூட் தைத்துக்கொண்டான். பாவம், அதைப் போட்டுக்கொண்டு அக்கா கல்யாணத்துக்குத்தான் போனான்.

போன செப்டம்பரில் மெர்வின் அணிக்குப் புது மேலாளர் வந்தார். கிளென் ராட்ரே, முப்பத்தெட்டு வயது, எல்லாவற்றையும் கணினியில் எண்ணுகிறவர். வந்த முதல் வாரமே மெர்வுக்குப் போன் செய்து, இந்த ஜூனில் நீங்கள் சொல்லும் பையன் ஒருவனாவது நம் பட்டியலில் இருந்து எடுக்கப்படவில்லை என்றால் உங்கள் பகுதியைக் கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மிகவும் மரியாதையாகச் சொல்லிவிட்டார். மெர்வ் அன்று என் கடைக்கு வந்து ஒரு தட்டு பெரோகி, அதாவது உருளைக்கிழங்கு அடைத்த கொழுக்கட்டை, வாங்கி, அதைத் தொடாமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். பேருந்து ஓட்டுகிற மெர்வ் என்று அவரை யாரும் சொல்வதில்லை, ஸ்கவுட் மெர்வ் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பேர் போனால் அவருக்கு என்ன மிஞ்சும் என்று நானும் யோசித்தேன்.

அக்டோபரில் எங்கள் ஊர் அணியில் டெய்ன் கிஸ்லிங் வந்து சேர்ந்தான். பதினேழு வயது. முன்களத்தில் நடுவில் ஆடுகிறவன். ஒல்லி, வேகமும் சுமார்தான், கோல் போடுவதில் அவனுக்கு ஆசையே இல்லை. ஊர் ஆண்கள் ஒரே பார்வையில் அவனைத் தள்ளுபடி செய்தார்கள். மெர்வ் இரண்டாவது ஆட்டத்தின் நடுவில் எழுந்து என் கடைக்கு வந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. வயிற்றுப்புண்ணுக்காக டாக்டர் நிறுத்தச் சொல்லி ஆறு வருடமாகக் காப்பியைத் தொடாத மனிதர், ஒரு காப்பி கொடு என்றார். கொடுத்தேன். வாங்கியதை அப்படியே குப்பைத்தொட்டியில் ஊற்றிவிட்டு, என் வறுவல் சட்டிக்குப் பக்கத்தில் வந்து, ஆவி படிந்த ஜன்னல் கண்ணாடியைக் கோட்டுக் கையால் துடைத்தார்.

“டார்லீன், அந்தப் பத்தொன்பதாம் நம்பரைப் பாரு. வட்டைப் பார்க்காத, அவன் கழுத்தைப் பாரு.”

பார்த்தேன். வட்டு வருவதற்கு முன்னாலேயே அந்தப் பையன் இரண்டு தடவை தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்துவிட்டான். வட்டு வந்ததும் உடனே தள்ளவில்லை. அரை நொடி வைத்திருந்தான். எதிராளி இரண்டு பேர் அவன் மேல் பாயும் வரைக்கும் வைத்திருந்து, அதற்குப் பிறகு யாருமே இல்லாத ஒரு மூலைக்கு அனுப்பினான். தப்பாக அனுப்பிவிட்டான் என்று நினைத்தேன். அடுத்த கணம் அந்த மூலையில் அவன் கூட்டாளி வந்து நின்றான். எப்படி அங்கே வந்தோம் என்று அவனுக்கே புரியவில்லை. வட்டு மட்டையில் பட்டு எகிறி எங்கோ போயிற்று.

இவன் சாப்பிடப் பிறந்தவன் அல்ல, பரிமாறப் பிறந்தவன் என்றார் மெர்வ். ஆனால் இலை போட்டுப் பரிமாறினாலும் எடுத்து வாயில் வைக்கத் தெரியாதவர்களோடு ஆடுகிறான், அதனால் கணக்கில் எதுவும் ஏறாது, கணினிக்கு இவன் தெரியவே மாட்டான் என்றார். வேகம் கற்றுக்கொடுக்கலாம், உடம்பு தேற்றலாம், இந்தக் கழுத்தை யாராலும் கற்றுக்கொடுக்க முடியாது என்றார். இன்னும் மூன்று வருடத்தில் நல்ல அணியின் இரண்டாவது வரிசையில் நடுவில் நிற்பான், நாலாவது சுற்றுக்குள் எடுக்கலாம் என்றார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

அன்று முதல் மெர்வின் நடிப்பு ஆரம்பமானது. ஹாக்கியில் நிமிடத்துக்கு ஒரு தடவை ஆட்களை மாற்றி மாற்றி இறக்குவார்கள்; ஒவ்வொரு தடவையும் டெய்ன் பனித்தளத்தில் இறங்கினால் போதும், மெர்வ் மூலையில் இருந்து எழுந்துவிடுவார். கொட்டாவி விடுவார். சகித்துக்கொள்ள முடியாதவர் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு படியிறங்கி என் கடைக்கு வந்து, ஜன்னல் வழியாக அவனையே பார்ப்பார். ஒரு ஆட்டத்துக்குப் பதினான்கு காப்பி. பதினான்கும் தொட்டிக்குத்தான். மூலையில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து ஆட்களிடம், இந்தக் கிஸ்லிங் பையனைப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வருகிறது என்று சொல்லிவைத்தார். அணிக்கு அனுப்பும் தாளில்கூட உண்மையை எழுதவில்லை. முன்பு ஒரு தடவை அலுவலகத்தில் இருந்த ஒருவன் பட்டியலோடு வேறு அணிக்குத் தாவிவிட்டான் என்பதால், தாளை அவர் நம்புவதில்லை. ‘சுமார், இன்னும் பார்க்கலாம்’ என்று மட்டும் எழுதினார். உண்மையை மே மாதக் கூட்டத்தில் வாயால் சொல்வதாகத் திட்டம்.

எனக்கு இந்தத் திட்டத்தின் மேல் ஆரம்பத்தில் இருந்தே எரிச்சல்தான். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“ஏன்ப்பா மெர்வ், உன் சொந்த ஆளுங்ககிட்டயே இப்படி மூடி மூடி வைக்கிறியே, கடைசியில நீ சொன்னா நம்புவாங்களா?”

“நம்பாம? நான் வேணும்னு சொல்றதே அதிசயம். அதிசயம் நடந்தா எவனும் காது குடுப்பான்.”

குளிர்காலம் முழுவதும் இப்படியே போயிற்று. வெளியே முப்பத்தைந்து டிகிரி உறைநிலைக்குக் கீழே, கார் எஞ்சின்கள் உறைந்துபோகாமல் இருக்க அவற்றை மின்சாரத்தில் சொருகிவிட்டு வந்து உட்கார்ந்திருப்போம். நானும் அந்தப் பையனின் கழுத்துக்கு அடிமையாகிவிட்டேன். வறுவல் கருகிப் போனது என்று மூன்று பேர் என்மேல் புகார் கொடுத்தார்கள்.

மே மாதம் கூட்டம். மெர்வ் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு விமானம் ஏறினார். நடந்ததை அவரே திரும்பி வந்து என் கடையில் உட்கார்ந்து சொன்னார். பெரிய மேசை, இருபது பேர், ஆளுக்கு இரண்டு நிமிடம். மெர்வ் எழுந்து, டெய்ன் கிஸ்லிங் என்றார். கழுத்தைச் சொன்னார். அரை நொடியைச் சொன்னார். பரிமாறுவதைச் சொன்னார். அவர் வாழ்க்கையிலேயே நன்றாகப் பேசிய இரண்டு நிமிடம் அதுதான், எனக்குத் தெரியும், என்னிடம் நாற்பது தடவை ஒத்திகை பார்த்திருந்தார். கிளென் ராட்ரே கணினியைத் திருப்பி அவருக்குக் காட்டினார். மெர்வ் எழுதியனுப்பிய பதினொரு தாள். பதினொன்றிலும் சுமார்.

“மெர்வ், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பையன் இறங்கினா நீங்க எழுந்து போயிடுவீங்கன்னு நாலு டீம்காரங்க எங்கிட்ட சொல்லியிருக்காங்க. அதைக் கேட்டுத்தான் நான் ஜனவரியிலேயே அவன் பேரை அடிச்சேன். உங்க ‘வேணாம்’ மேல எனக்கு அவ்வளவு மதிப்பு. இப்ப வேலை போகப்போற நேரத்துல ‘வேணும்’னு சொன்னா நான் எதை நம்பறது?”

அது நடிப்பு என்று மெர்வ் சொன்னாராம். மேசையைச் சுற்றி எல்லோரும் தங்கள் காகிதத்தைப் பார்த்தார்களாம். ஏழு மாதம் ஒரு மனிதர் பிடிக்காத மாதிரி நடித்து உலகத்தையே நம்பவைத்துவிட்டு, அதில் தன் முதலாளியும் அடக்கம் என்பதை மறந்துவிட்டார். இப்படி ஒரு தப்பை ஸ்கவுட்டைத் தவிர வேறு யாரால் செய்ய முடியும்? எனக்கு அன்று அவரைப் பார்த்துச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு பெரோகியைச் சூடாக்கிக் கொடுத்தேன். இந்தத் தடவை சாப்பிட்டார்.

டிராஃப்ட் நாளில் ஊரே அரங்கத்து மாடியில் தொலைக்காட்சி முன் கூடியது. டெய்ன் குடும்பத்தோடு வீட்டில் இருந்தான். நாலாவது சுற்று போயிற்று. மெர்வின் அணி நாலு பையன்களை எடுத்தது, நாலும் கணினி பெற்ற பிள்ளைகள். ஐந்தாவது சுற்றில் வேறொரு அணி மேடையேறி டெய்ன் கிஸ்லிங், வெல்பர்ன் என்றது. ஆண்கள் எல்லோரும் எழுந்து, நான் அப்போதே சொன்னேன் என்று ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். மெர்வ் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். எடுத்தது லோர்ன் பியார்னசனின் அணி. மூலையில் இருபது வருடமாக மெர்வுக்குப் பக்கத்து இருக்கையில் உட்காருகிறவர்தான் லோர்ன். ஐந்து நிமிடத்தில் அவரே போனில் கூப்பிட்டார். மெர்வ் போனை என் பக்கம் சாய்த்தார், நானும் கேட்டேன்.

“டேய் மெர்வ், ஆறு வருஷமா காப்பி குடிக்காதவன் நீ. இந்த வருஷம் ஆட்டத்துக்குப் பதினாலு. ஒண்ணு உன் பொண்டாட்டி உன்னை விட்டுப் போயிருக்கணும், இல்ல அந்தப் பையன் நல்லா ஆடணும். உன் பொண்டாட்டியை மளிகைக் கடையில பார்த்தேன், நல்லாத்தான் இருந்தாங்க. அப்புறம்தான் நான் அவனை உக்காந்து பார்க்க ஆரம்பிச்சேன்.”

மெர்வ் நன்றி என்று சொல்லிப் போனை வைத்தார். எதற்கு நன்றி என்று நான் கேட்கவில்லை. அந்த வாரமே கேமரா வந்தது, மெர்வின் வேலை போயிற்று.

ஜூலை முதல் வாரம் டெய்னுக்காக அரங்கத்தில் ஊர்கூடி அப்பமும் பன்றிச் சாஸேஜும் போட்டோம். பையன் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு மேடையேறி நாலு வார்த்தை பேசினான். அம்மாவுக்கு நன்றி, பயிற்சியாளருக்கு நன்றி. பிறகு, நான் இறங்கும்போதெல்லாம் எழுந்து போகும் ஒருவர் மேல் வரிசையில் இருந்தார், அவரை ஒரு தடவையாவது உட்காரவைக்க வேண்டும் என்றுதான் குளிர்காலம் முழுவதும் ஆடினேன் என்றான். ஊர் திரும்பி மெர்வைப் பார்த்துச் சிரித்தது. எனக்குக் கையில் இருந்த கரண்டியை வீசலாம் போல இருந்தது.

பேச்சு முடிந்து அவன் ஒரு மேசையில் உட்கார்ந்து, தன் படத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். மெர்வ் வரிசையில் நின்றார். போக வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. அவர் முறை வந்ததும் குனிந்து, மெதுவாக, ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்.

“தம்பி, நான் எழுந்து போனது உன்னைப் பார்க்கத்தான். அதோ அந்த ஜன்னல் வழியா. வட்டு வர்றதுக்கு முன்னாடி நீ ரெண்டு தடவை திரும்பிப் பார்ப்ப. முதல்ல பார்த்தது நான்தான்.”

டெய்ன் நிமிர்ந்தான். நல்ல பையன், சிரித்த முகம். காலையில் இருந்து அவனிடம் அறுபது பேராவது வந்து முதலில் பார்த்தது நான்தான் என்று சொல்லியிருப்பார்கள். அவன் கண்ணில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை; அறுபத்தோராவது ஆளிடம் காட்டுகிற பொறுமை இருந்தது.

“ரொம்ப நன்றிங்க. உங்க பேரு?”

மெர்வ் பெயரைச் சொன்னார். அவன் எழுதிக் கொடுத்தான். வெளியே வந்ததும் நான் வாங்கிப் பார்த்தேன். ‘என்னை எப்போதும் நம்பிய மெர்வுக்கு’ என்று இருந்தது. எனக்கும் அதையேதான் எழுதியிருந்தான். கிடங்கு ஆட்களுக்கும் அதையேதான் எழுதியிருந்தான். நான் அதை மெர்விடம் சொல்லவில்லை. அவர் படத்தைக் கோட்டுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, தன் வேனை நோக்கி நடந்தார்.