எல்டன் ப்ரூயிட்டின் பதினைந்து நிமிடம்

எங்கள் தெருவில் மே மாதம் பிறந்ததற்கு அடையாளம் எல்டன் ப்ரூயிட்டின் பச்சை வண்டிதான். புல்லுக்குத் தெளிக்கிற குழாயிலிருந்து உரத் தண்ணீர் திரும்பிப் போய் ஊர்க் குடிநீரில் கலந்துவிடாமல் வீட்டுக்கு வீடு ஒரு பித்தளை வால்வு தடுக்கிறது. அதை வருடம் ஒருமுறை சோதித்தாக வேண்டும். இல்லாவிட்டால் நகராட்சி தண்ணீரை நிறுத்திவிடும். அந்தச் சோதனைக்கு வருகிற எல்டன் வால்வில் அழுத்தமானியை மாட்டி, அதன் முள்ளைப் பார்த்தபடி சிலையாகிவிடுவார்.

"என்ன எல்டன், நின்னுக்கிட்டே தூக்கமா?" என்பேன்.

"மண்ணுக்கடியில தண்ணி நடந்து போகுது, பெக். உங்களுக்குக் கேக்கல?"

எனக்குக் கேட்டதில்லை. கேட்கிற பொறுமையும் கிடையாது.

பக்கத்து வீட்டு மார்வாவின் வால்வு மட்டும் அவரைப் படுத்தியது. பதினோரு வருடத்தில் ஒருமுறைகூடக் கோளாறு இல்லை. கெட்டிருந்தால் பழுது பார்க்க ஒருநாள், மறுசோதனைக்கு ஒருநாள் என்று வரலாம். நன்றாக இருந்துவிட்டால் பதினைந்து நிமிடம், ஒரு கையெழுத்து, பிறகு அடுத்த மே. மனுஷர் அவளை விரும்புவது தெருவுக்கே தெரியும். வாயைத் திறந்து சொன்னால்தானே!

செப்டம்பரில் மார்வா புல்லைப் பெயர்த்துவிட்டுச் சரளைக்கல் போடப் போகிறாள். புல் இல்லையென்றால் தெளிப்புக் குழாய் இல்லை, சோதனையும் இல்லை. இந்த மேதான் கடைசி. படிவத்தில் 'தேறவில்லை' என்று எழுதினால் இந்தக் கோடையிலாவது இன்னும் இரண்டு முறை வரலாம். யார் கேட்கப் போகிறார்கள்? எழுதித் தொலையேன் என்று வேலியோரம் நின்று மனதுக்குள் கெஞ்சினேன்.

ஆப்பிள் பூக்கள் அவர் தொப்பிமேல் உதிர்ந்துகொண்டிருந்தன. முள் அசையவில்லை, அவரும் அசையவில்லை. வெகுநேரம் கழித்து 'தேறியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நல்லாத்தான் இருக்கு மார்வா," என்று வாசலில் நின்றவளிடம் படிவத்தை நீட்டினார், தரையைப் பார்த்து. "ஒரு தடவையாவது கெட்டுப்போகாதான்னு இருந்துச்சு."

மார்வா இடுப்பில் கைவைத்தாள். "நான் மட்டும் என்ன, சும்மாவா இருந்தேன்? உறைபனியில வெடிச்சுத் தொலையட்டும்னு வருஷா வருஷம் குளிருக்காக அது மேல சுத்தியிருக்கற போர்வையை உருவிப் போடுவேன். எந்த முட்டாளோ மறுநாளே வந்து திரும்பச் சுத்தி வச்சுட்டுப் போயிடுவான்!"

எல்டன் தொப்பியைக் கழற்றினார்.

"இந்தப் பக்கமா போறப்ப பார்த்தேன், குளிர்ல திறந்து கிடந்துச்சு," என்றார். "உங்க வீட்டுதாச்சேன்னு மனசு கேக்கல."