மாங்குயிலுக்கு வைத்த கண்

என் வீட்டுக்காரர் கலியாணசுந்தரம் மலாக்கா டவுனில் ஒரு ஸ்டூடியோவில் படங்களுக்கு வர்ணம் போடுபவர். இருக்கும்போது படம் எடுக்காமல் விட்டவர்களை, செத்த பிறகு நாற்காலியில் சாய்த்து வைத்து எடுப்பார்கள். படத்தில் மூடிய இமைமேல் விழி வரைந்து கண்ணைத் திறந்துவிடுவது இவர் வேலை. தெங்கேரா முதல் உஜோங் பாசிர் வரை எத்தனையோ சுவர்களில் இவர் திறந்த கண்கள்தாம்.

ஊருக்கெல்லாம் கண் திறந்த மனிதர் எங்கள் மகள் பத்மினிக்குத் திறக்கவில்லை. மூன்று வயதில் காய்ச்சலில் போனாள். படமே எடுக்கக் கூடாது என்று வாசலை மறித்து நின்றுவிட்டார். எனக்கோ நாளாக நாளாக அவள் முகம் கலைந்துகொண்டே போயிற்று. அந்த ஆத்திரத்தில் நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதே இல்லை. அவரும் அவள் பெயரை எடுத்ததில்லை.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம், பறவை ஆராய்ச்சி செய்யும் டாக்டர் ஜெயபாலன் ஒரு மரப்பெட்டியோடு காஜா பேராங்கில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே பஞ்சு அடைத்த பறவைகள். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் ஆள் வைத்து வரைந்த மாதிரி, நம் நாட்டுப் பறவைகளுக்கு ஒரு படப்புத்தகம் போட வேண்டுமாம். எல்லாம் மல்லாந்து கிடந்தன. கண் இருந்த இடத்தில் பஞ்சு. வீடெங்கும் பாச்சா உருண்டை வாசம்.

அதன்பிறகு மனிதர் இந்த உலகத்திலேயே இல்லை. ஸ்டூடியோ விட்டு வந்தால் ஜன்னலோரம்தான். மழை நேரத்துப் பச்சை வெளிச்சத்தில் இறகு இறகாக வைத்துக்கொண்டே போவார். தூரிகையைக் காப்பியில் முக்குவார். காகிதத்தில் கிளி மூச்சு விடுவதுபோல இருக்கும். எனக்குக் கரண்டி கையிலேயே நின்றுபோகும்.

டாக்டர் வந்து பார்த்தார். "இறகெல்லாம் அபாரம், சுந்தரம். ஆனா பறவைக்கு மனுஷக் கண்ணை வச்சிருக்கீங்களே! இப்படி வெள்ளை தெரியாது. மாத்திக் குடுங்க, இல்லாட்டி அச்சுக்குப் போகாது."

ஆயுசுக்கும் மனுஷக் கண்ணையே திறந்த கை, வேறெந்தக் கண்ணை வைக்கும்? டாக்டர் போனதும் அவர் கறுப்பைக் குழைத்து ஒவ்வொரு கண்ணாக மூடத் தொடங்கினார். கிளி முடிந்தது. மீன்கொத்தி முடிந்தது. என்ன கூத்து என்று நானும் எட்டிப் பார்த்தேன். மிச்சமிருந்த மாங்குயில் என்னை நிமிர்ந்து பார்த்தது. இடது கண் ஓரம் கொஞ்சம் தாழ்ந்து, தூங்கி எழுந்த பார்வை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னங்க, இது யாரு கண்ணு?"

"பறவைக் கண்ணுதான். விடு கோகிலா."

"நல்லாப் பாருங்க."

பார்த்தார். தூரிகை மடியில் விழுந்து வேட்டியெல்லாம் கறுப்பானது.

"பத்மினி" என்றார், கூப்பிடுவதுபோல. "அன்னிக்கு நான் வரைஞ்சிருந்தா, அவ போயிட்டான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருக்கும் கோகிலா."

அப்புறம் விம்மி விம்மி அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. என் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ, அவர் தலையை மடியில் போட்டுக்கொண்டு நானும் அழுதேன்.

புத்தகத்தில் மாங்குயில் கிடையாது. "அது எங்க பிள்ளை டாக்டர், தர மாட்டோம்" என்று நானே சொல்லிவிட்டேன். டாக்டர் மற்ற படங்களையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனார்.

படத்தைக் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறோம். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவர் அதன்முன் கொஞ்சம் நின்று, "அப்பா போயிட்டு வரேம்மா" என்கிறார்.