வாப்பா பார்த்த நீர்க்காகம்

வெட்கங்கெட்ட வேலை எத்தனையோ செய்திருக்கிறேன். இதுபோல ஒன்று செய்ததில்லை. நான் வாத்தியாராகி இரண்டாம் வருஷம். மட்டக்களப்பு டவுனில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், நாங்கள் நாலு வாத்திமார் சேர்ந்து, வாவியையும் மரஞ்செடிகளையும் கீறிய படங்களைக் காட்சிக்கு வைத்தோம்.

வாப்பா காத்தான்குடிப் புடவை வியாபாரி. மூட்டையோடு தோணியேறி, வாவிக்கு அக்கரையில் உள்ள படுவான்கரைக்குப் போய் ஊரூராக விற்பவர். நான் படம் கீறுவதில் அவருக்குப் பெருமைதான். ஒரேயொரு கட்டளை: "மரத்தக் கீறு, தண்ணியக் கீறு. உசிருள்ளதக் கீறாத மனே. மறுமையில அதுக்கு உசிர் குடு எண்டு அல்லாஹ் கேட்டா என்ன செய்வாய்?"

ஓம் வாப்பா என்றேன். கை கேட்டால்தானே! வாவிக்குள் நட்ட கம்பில் குந்தி, சிறகை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகம் ஒன்றைக் கீறினேன். நான் கீறியதில் உருப்படியான படம் அது ஒன்றுதான்.

வாப்பா எங்கே வரப்போகிறார் என்றிருந்தேன். இரண்டாம் நாள் காலையில் பார்த்தால், பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் மரைக்கார்மார் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார்! மகன் மரஞ்செடிதான் கீறுவான் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்த மனிசன். அவர்களுக்கு முன்னால் அவர் தலை குனியவேண்டி வந்தால்?

பக்கத்தில் என் ஆரையம்பதிக் கூட்டாளி நின்றான், நாலு வாத்திமாரில் ஒருவன். அவன் இந்து, எதைக் கீறினாலும் கேள்வியில்லை. அவன் கீறியது கண்டல் மரம். வேரும் தண்ணீரும் மட்டும். படங்களுக்குக் கீழே நம்பர்தான், பெயர் இல்லை.

"மச்சான், உன்ட படம் என்ட, என்ட படம் உன்ட. வாயத் திறக்காத."

"உனக்கென்ன விசரா?" என்றான். அதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள்.

கண்டல் படத்தைக் காட்டி, "இதுதான் வாப்பா," என்றேன். வாப்பா தலையை ஆட்டினார். "எங்கட மகன்ட," என்று மரைக்கார்மாரிடம் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டேன் என்று மூச்சு விட்டேன். மரைக்கார்மார் மற்றப் படங்களைப் பார்த்துக்கொண்டே மண்டபத்தின் அந்தக் கடைசித் தொங்கலுக்குப் போனார்கள். வாப்பா போகவில்லை. நீர்க்காகத்துக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"இவர எனக்குத் தெரியும்," என்றார். "தோணியில போகக்குள்ள நெடுகப் பாக்கிறன். இப்படித்தான் நிப்பார். ஈரம் சொட்டுறதப் பாரு! ஆரு கீறின?"

கூட்டாளி என்னைப் பார்த்தான். சொல்லடா என்று கண்ணாலேயே கெஞ்சினான். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"நான்தான் மாமா," என்றான் மெதுவாக.

வாப்பா அவன் கையைத் தன் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தார். "நல்ல கை மனே. நல்லா இருக்கோணும்," என்றார். பிறகு, எனக்கு மனம் நொந்துவிடுமோ என்று பயந்தவர்போல என் பக்கம் திரும்பி, "உன்டதும் நல்லாத்தான் இருக்கு," என்றார்.

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. மரைக்கார்மார் காதுக்கு எட்டாத தூரத்தில் இருந்தார்கள், சொல்லியிருக்கலாம். வாப்பா மௌத்தாகும் வரைக்கும் நான் சொல்லவில்லை.