கறைக்கு மேல் நான்கு கோட்டிங்

சுவரில் கறை என்று யார் கூப்பிட்டாலும் பெயிண்டரிடம் ஒரே பதில்தான். "இது ஒரு விஷயமா? ரெண்டு கோட்டிங் அடிச்சா போச்சு." இருபது வருஷமாக அந்த வாக்கு பொய்த்ததில்லை. பொய்ப்பதற்குள் அவர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார் என்பது வேறு கதை.

தன் வீட்டுப் படுக்கையறையில், ஏசிக்குக் கீழே, பீரோவுக்குப் பின்னால் கறை தெரிந்தபோதும் அதையேதான் செய்தார். பட்டி பார்த்தார், சொந்த வீடுதானே என்று ஒரு கோட்டிங் அடித்தார், பீரோவைப் பழையபடி சுவரோடு தள்ளினார். மூன்று மாதத்தில் கறை மறுபடி எட்டிப் பார்த்தது. மனிதர் விடவில்லை. நாலாவது தடவை மனைவி, "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறீங்க" என்றாள். "தொழில் தெரிஞ்சவன்கிட்டயே சொல்றியா?" என்று பிரஷைக் கழுவப் போய்விட்டார்.

அந்த வருஷம்தான் அவர்களுடைய எட்டு வயது மகளுக்கு இருமலும் இழுப்பும் வந்தன. பெரியம்மா வீட்டில் நாலு நாள் தங்கினால் அடங்கும். திரும்பி வந்தால் தொடங்கிவிடும். பெயிண்டருக்குச் சந்தேகமே இல்லை, தன் உடம்பில் ஊறிய பெயிண்ட் வாடைதான் பிள்ளையை வாட்டுகிறது. வாசலிலேயே சட்டையைக் கழற்றினார். ஓடி வருபவளை, "பக்கத்துல வராதே தங்கம்" என்று கை நீட்டித் தடுத்தார். அவள் நின்ற இடத்திலேயே நின்று பார்ப்பாள். அந்தப் பார்வை தாங்காமல் பத்து நாள் வேலைக்கே போகவில்லை. கிடங்கு ஒன்றில் காவல் வேலைக்கும் சொல்லி வைத்தார். பிரஷைத் தவிர வேறெதுவும் பிடித்தறியாத கை.

மகளுக்கு வைத்தியம் பார்த்துவந்த டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டார். "பெயிண்ட் வாடையும் ஆகாதுதான். ஆனா நீங்க வீட்ல இருந்த பத்து நாள்ல இருமல் குறைஞ்சுதா?"

"இல்லீங்க."

"வீட்ல எங்கயாவது ஈரம், பூஞ்சை இருக்கா? ஏசி ஒழுகுதா?"

பெயிண்டர் வாயைத் திறக்கவில்லை. மனைவி திறந்தாள். "நாலு கோட்டிங்குக்கு அடியில இருக்கு டாக்டர்."

"முதல்ல அதைச் சரி பண்ணுங்க. அதுவரைக்கும் பிள்ளை அந்த ரூம்ல படுக்க வேண்டாம். மருந்தை நிறுத்தாதீங்க."

மகள் பெரியம்மா வீட்டுக்குப் போனாள். ஏசி மெக்கானிக் வந்து ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாயைப் பார்த்ததும், "இதை யாரு நேர் மட்டமா தூக்கிக் கட்டினது?" என்றார்.

"நான்தான். சாய்ஞ்சிருந்துச்சு, கண்ணுக்கு நல்லா இல்ல."

"அண்ணே, தண்ணிக்கு அழகு தெரியாது. சரிவுதான் தெரியும்."

குழாய் பழையபடி சாய்ந்தது. பெயிண்டர் முகக்கவசம் கட்டி, ஜன்னலைத் திறந்து சுவரைச் சுரண்டினார். நான்கு கோட்டிங்கும் ஒரே தோலாக உரிந்து வந்தது. உள்ளே பூச்சு வரைக்கும் கரேலென்று பூஞ்சை. தன் கைவேலையைப் பார்த்துத் தானே வெட்கப்பட்டார். ஊறிய பூச்சையும் கொத்தி எடுத்து, சுவரைக் காயவிட்டார்.

மகள் திரும்பி வந்து மூன்று வாரம் ஆனது. இழுப்பு இல்லை, இருமலும் இல்லை. வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது. காவல் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அன்று மறுபடி பெயிண்ட் வேலைக்குப் போய் வந்தார். பழக்க தோஷத்தில் வாசலில் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். அதற்குள் மகள் ஓடி வந்து பெயிண்ட் சட்டையில் முகத்தைப் புதைத்தாள். ஆழமாக மூச்சை இழுத்து, "அப்பா வாசனை" என்றாள்.

பெயிண்டர் அசையாமல் இருமலுக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. அழுகைதான் வந்தது, அவருக்கு.