பரமேஸ்வரி டீச்சரின் கறுப்புப் புடவை

"அம்மா போயிட்டாங்க ஆன்ட்டி. ஹார்ட் அட்டாக். நாளைக்கு நாலு மணிக்கு எடுக்குறோம்" என்று தினேஷ் போனில் சொன்னபோது நான் அழவில்லை. "எரிக்கிறீங்களா, பொதைக்கிறீங்களா தம்பி?" என்று கேட்டேன். "எரிக்கிறோம்" என்றான். தாயை இழந்தவனிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனால் பரமேஸ்வரி டீச்சரின் உடம்புக்குள் ஒரு பேட்டரி இருந்தது. அது மகனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

சிம்பாங் அம்பாட் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் எங்களோடு வேலை செய்தவர்களே, அவரை நாம் ராங்கிக்காரி என்போம். கழிவறைக்குப் பக்கத்து வகுப்பை விட்டுக்கொடுக்க மாட்டார். சுற்றுலா பஸ்ஸில் ஏற மாட்டார். விருந்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். எப்போதும் கறுப்புப் புடவை. "நம்ம கையால சாப்பிட்டா கௌரவம் கொறஞ்சிடுமோ?" என்று நானே நக்கலடித்திருக்கிறேன்.

ஒருநாள் பள்ளித் திடலில் காலைச் சபைகூடல் நடக்கும்போது பாதியில் ஓடினார். நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று பின்னாலேயே போனேன். காரின் பின்பெட்டி திறந்திருந்தது. உள்ளே மடித்து வைத்த இரண்டு கறுப்புப் புடவைகள், ஒரு பெரிய போத்தலில் தண்ணீர். "மலம் நிக்க மாட்டேங்குதுலா. ஆறு வருஷமா" என்றார். அன்று அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த வருடம் தினேஷின் கல்யாணம். தாலி கட்டும்போது தாய் மேடையில் இல்லை. மருமகளைப் பிடிக்கவில்லை என்று ஊரே பேசியது. மகனும் அதையே நம்பினான். ஜொகூருக்குக் குடிபோனவன், போன் பண்ணுவதையும் குறைத்துக்கொண்டான்.

அதன் பிறகுதான் கோலாலம்பூர் மருத்துவர் ஒருவர், மலத்தை அடக்கும் நரம்பை பேட்டரியால் தூண்டிவிடும் ஒரு வழியைச் சொன்னார். முதலில் முதுகின் அடியில் நரம்பருகே மெல்லிய கம்பி; பேட்டரி வெளியே. இரண்டு வாரம் தினமும் நடந்ததை எழுத வேண்டும். பலன் தெரிந்தால், தீப்பெட்டி அளவு கருவியைப் பிட்டத்துத் தோலுக்கடியில் வைத்துத் தைப்பார்கள். வாத்தியாரம்மா அல்லவா! அந்த நோட்டில் சிவப்புப் பேனாவால் தனக்குத் தானே சரியும் தவறும் போட்டிருந்தார். ஒன்பதாம் நாளிலிருந்து எல்லாம் சரி.

ஊருக்கு 'முதுகு ஆபரேஷன்' என்று சொன்னோம். முழுக் குணம் என்று சொல்ல மாட்டேன், எப்போதாவது தவறும். ஆனாலும் ஒருநாள் பஸ் ஏறி சுங்கை ரம்பாய் வரை போய்த் திரும்பினார். "அங்க என்னக்கா வேல?" "ஒண்ணுமில்ல. சும்மா பஸ்ஸுல உக்காந்திருந்தேன்லா!" அப்படி ஒரு சிரிப்பை அவரிடம் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"தினேஷ்கிட்ட சொல்லிடுங்கக்கா" என்றேன். "பெத்த பிள்ளகிட்ட போய் இத எப்படிச் சொல்றது? நீயும் சொல்லிடாத" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். வாக்கு, வாக்கு என்று வாயைப் பூட்டிக்கொண்ட மண்டு நான். மறுநாள் சவப்பெட்டிக்காரர் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்: "ஒடம்புல பேட்டரி கீட்டரி வச்சிருக்காங்களா? தீயில வெடிச்சிடும்."

"இல்ல" என்றான் தினேஷ்.

"இருக்கு" என்றேன், அத்தனை பேர் நடுவில்.

சமையலறைக்கு அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப என் கல்யாணத்துல…?" என்றான்.

"டாய்லெட்ல இருந்தாங்க தம்பி. மாத்துப் புடவையோட நான்தான் கதவுக்கு வெளிய நின்னேன்."

"இத்தன வருஷமா ஏன் ஆன்ட்டி சொல்லல?" என்று கேட்டான். மருத்துவர் வந்து கருவியை எடுத்த பிறகு, ஒரு மணி நேரம் தாமதமாக டீச்சரை எடுத்துப் போனார்கள்.

இதை எழுதச் சொன்னவன் தினேஷ்தான். "பேர் போட்டே எழுதுங்க ஆன்ட்டி. இன்னும் எத்தன அம்மாங்க இப்படி மறைச்சு வச்சிருக்காங்களோ" என்றான். டீச்சர் என்னிடம் கொடுத்து வைத்திருந்த அந்த நோட்டை அவனிடமே கொடுத்துவிட்டேன். அதன் கடைசி வரி மட்டும் என்னை விட்டுப் போகாது. பதினான்காம் நாள், சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'இரண்டு மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு கல்யாணத்துக்கு இது போதும்.'

அதை அன்றே படித்தவள் நான். படித்தும் சும்மா இருந்தேன்.